கேட்க ஆளில்லாத சரக்கு

2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி மாலை, பெய்ரூட் துறைமுகத்தின் 12ஆம் எண் கிடங்கு வெடித்தது. உள்ளே இருந்தது 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். கைவிடப்பட்ட ஒரு கப்பலிலிருந்து இறக்கி வைத்த சரக்கு அது. ஆண்டுக்கணக்காக அதைக் கேட்டு யாரும் வரவில்லை. அப்புறப்படுத்தவும் யாரும் முன்வரவில்லை. அடுத்த இரண்டொரு நாளில் வடசென்னையில் ஒரே பேச்சு: மணலியிலும் அதே சரக்கு இருக்கிறதாமே?

இருந்தது. மணலியில் உள்ள ஒரு சி.எஃப்.எஸ்.ஸில், அதாவது துறைமுகத்துக்கு வெளியே சுங்கத் துறையின் கட்டுப்பாட்டில் இயங்கும் கன்டெய்னர் சரக்கு நிலையத்தில், 37 பெட்டிகளில் 697 டன். தென் கொரியாவிலிருந்து வந்தது. இறக்குமதியில் விதிமீறல் என்று 2015இல் சுங்கத் துறை பறிமுதல் செய்தது. வழக்கு நடந்தது. சரக்கு கிடந்தது. பெய்ரூட் செய்தி வந்த பிறகு எல்லாம் வேகமெடுத்தது; அந்த ஆகஸ்ட் மாதமே பெட்டிகள் மணலியை விட்டு ஹைதராபாத் பக்கம் கிளம்பின.

கணினிக்குள் நினைவகம் எப்படி ஆளப்படுகிறது என்பதைப் பேச வந்த அத்தியாயம் இது. மணலியில் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. இடம் குறைவு, வரவு ஓயாது, வந்ததெல்லாம் உடனே வெளியே போகாது என்ற நிலையில் எதை வைத்திருப்பது, எதை வெளியேற்றுவது, அதை யார் முடிவு செய்வது என்ற கேள்வியை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள யார்டுகள் நாள் தவறாமல் எதிர்கொள்கின்றன. உங்கள் கைப்பேசிக்குள் இயங்குதளத்தின் மையமாக இருக்கும் கெர்னல் அதே கேள்வியை ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான முறை எதிர்கொள்கிறது.

யார்டிலிருந்தே வருவோம். கன்டெய்னர்களுக்கென்றே தனி முனையம் இந்தியாவில் முதலில் அமைந்தது சென்னைத் துறைமுகத்தில்தான், 1983இல். ஊர் அதற்கு முன்பே துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்துவிட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ராயபுரமும் காசிமேடும். பரப்பை நீட்ட வழியில்லை. அதனால்தான் மணலி, திருவொற்றியூர், மாதவரம் என்று துறைமுகத்துக்கு வெளியே சி.எஃப்.எஸ்.கள் முளைத்தன. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டி யார்டில் சில நாள் நிற்கும். இலவச நாட்கள் தீர்ந்தால் வாடகை ஏறும். ஏறியும் எடுக்காவிட்டால் சட்டம் பேசும். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 48ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. இறக்கிய 30 நாட்களுக்குள் விடுவிக்கப்படாத சரக்கை, இறக்குமதியாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதியும் பெற்று, அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர் விற்றுவிடலாம். அழுகும் பொருளுக்கும் உயிருள்ள விலங்குக்கும் அந்த 30 நாள்கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

இந்தப் பிரிவில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். முப்பதாம் நாள் நள்ளிரவில் எல்லாப் பெட்டியையும் தூக்கி எறி என்று அது சொல்லவில்லை. அறிவிப்பு கொடு, கேள், அனுமதி வாங்கு, பிறகு அகற்று என்கிறது. யார்டு காலியாக இருக்க வேண்டும் என்ற ஆசையே அதில் இல்லை. காலி யார்டால் யாருக்கு என்ன லாபம்? இடம் தேவைப்படும்போது கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கெர்னலும் அப்படித்தான் நினைக்கிறது. ஆனால் கணினி வைத்திருப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை.

லினக்ஸ் சர்வர் ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுப்பவர் 'ஃப்ரீ' என்ற கட்டளையைத் தட்டுவார். 16 ஜிகாபைட் நினைவகம் உள்ள இயந்திரத்தில், காலி என்ற தலைப்பின் கீழ் சில நூறு மெகாபைட்தான் இருக்கும். பதறிப்போவார். நினைவகத்தை யார் தின்றது? அதே வரியில் 'பஃப்/கேஷ்' என்ற தலைப்பின் கீழ் 10 ஜிகாபைட் இருக்கும். அதைக் கெர்னல்தான் எடுத்து வைத்திருக்கிறது. ஒரு கோப்பை ஒருமுறை படித்தால், அது மறுபடியும் தேவைப்படலாம் என்று அதன் பக்கங்களை அப்படியே நினைவகத்தில் விட்டுவைக்கிறது.

இதற்கான கணக்கு எளிது. நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோவிநாடி ஆகும். நல்ல எஸ்.எஸ்.டி. என்றால் அதைப்போல ஆயிரம் மடங்கு நேரம். சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் 10 மில்லிவிநாடி வரை, அதாவது ஒரு லட்சம் மடங்கு. பணம் கொடுத்து வாங்கிய நினைவகத்தைக் காலியாக வைத்திருந்தால் மின்சாரம் குறையப்போவதில்லை, வேகமும் கூடப்போவதில்லை. பழைய கோப்பால் அதை நிரப்பி வைத்தால், அந்தக் கோப்பு மறுபடி கேட்கப்படும்போது லட்சம் மடங்கு நேரம் மிச்சமாகிறது. அதனால் கெர்னல் நிரப்புகிறது. பயனர் நிரல் ஒன்று இடம் கேட்டால், கேஷில் இருக்கும் பக்கத்தைச் சத்தமில்லாமல் தூக்கிப்போட்டுவிட்டு இடம் கொடுக்கிறது. மூலப்பிரதி டிஸ்க்கில் பத்திரமாக இருப்பதால் இழப்பு ஏதும் இல்லை. மணலிச் சரக்குக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது: யார்டில் நிற்கும் பெட்டிக்கு நகல் கிடையாது.

காலி எவ்வளவு என்ற கேள்வியே தவறு என்று புரியவைக்கக் கெர்னல்காரர்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின. 2014இல் வந்த லினக்ஸ் 3.14 பதிப்பில்தான் 'மெம்-அவைலபிள்' என்ற புதிய எண்ணைச் சேர்த்தார்கள். புதிதாக ஒரு நிரல் தொடங்கினால் டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் இடத்தை நாடாமல் எவ்வளவு நினைவகம் கொடுக்க முடியும் என்ற மதிப்பீடு அது. காலியாக உள்ளதையும் விட்டுக்கொடுக்கக் கூடியதையும் அது சேர்த்துச் சொல்கிறது. சர்வரைப் பார்த்துப் பதறுபவரிடம் நான் முதலில் காட்டுவது அந்த எண்ணைத்தான்.

கோப்புப் பக்கங்கள் எளிய சரக்கு. ஒவ்வொன்றும் 4,096 பைட். ஒரே அளவுப் பெட்டி. ஒன்றை எடுத்தால் ஒரு முழு இடம் காலியாகும். கெர்னலுக்குத் தலைவலி தருவது சில்லறைச் சரக்கு.

கெர்னல் தன் சொந்த வேலைக்காகக் கணக்கற்ற சிறு பொருள்களை வைத்திருக்கிறது. திறந்த கோப்புக்கு ஒன்று, ஓடும் நிரலுக்கு ஒன்று, வலை இணைப்புக்கு ஒன்று. அவற்றில் முக்கியமான இரண்டை மட்டும் பார்ப்போம். ஒரு கோப்பின் அளவு, உரிமையாளர், டிஸ்க்கில் இருக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லும் குறிப்பு ஐநோட். ஒரு பெயரை அந்த ஐநோட்டோடு சேர்த்து வைக்கும் குறிப்பு டென்ட்ரி. நீண்ட பாதைப் பெயர் ஒன்றைத் திறக்கும்போது, அதில் சாய்வுக்கோட்டுக்கு இடையே வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டென்ட்ரி வேண்டும். 64 பிட் இயந்திரத்தில் டென்ட்ரி பொதுவாக 192 பைட்தான். அதற்கு 4,096 பைட் பக்கம் ஒன்றை முழுதாகக் கொடுப்பது அநியாயம்.

இந்தச் சில்லறைச் சிக்கலுக்கு அழகான விடை கண்டவர் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த ஜெஃப் பான்விக். சோலாரிஸ் 2.4க்காக அவர் வடிவமைத்து 1994இல் வெளியிட்ட முறைக்கு ஸ்லாப் ஒதுக்கீடு என்று பெயர். ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனித்தனிக் கேஷ். பக்கத்தை எடுத்துச் சம அறைகளாக வகுத்து, அந்த வகைப் பொருளை மட்டுமே அதில் வைப்பது. 192 பைட் டென்ட்ரி ஒரு பக்கத்தில் 21 அடங்கும். 64 பைட்தான் மீதம். பான்விக்கின் நுட்பமான கவனிப்பு வேறொன்று. ஒரு பொருளை உருவாக்கி முதல் நிலைக்குக் கொண்டுவர ஆகும் வேலை, இடம் பிடிக்கும் வேலையைவிடப் பல நேரம் அதிகம். ஆகவே விடுவிக்கப்பட்ட பொருளை உடைக்காமல் தயார்நிலையிலேயே வைத்திருந்து, அடுத்தவர் கேட்கும்போது கொடுத்துவிடலாம் என்றார். லினக்ஸ் இதைத் தொண்ணூறுகளிலேயே எடுத்துக்கொண்டது. 2007இல் கிறிஸ்டோஃப் லாமீட்டர் இன்னும் எளிய வடிவம் ஒன்றை எழுதினார்; பெயர் ஸ்லப். பழைய வடிவத்தை 2024இல் லினக்ஸ் 6.8 முற்றாக நீக்கிவிட்டது. இன்று இருப்பது லாமீட்டர் எழுதியதன் வழிவந்த வடிவம் மட்டுமே.

இனி அந்த ஒரு பக்கத்தை நெருங்கிப் பார்ப்போம். 21 அறைகள், 21 டென்ட்ரிகள். இருபதை விடுவித்தாயிற்று. ஒன்று மட்டும் பயன்பாட்டில் இருக்கிறது. ஏதோ ஒரு நிரல் அந்த அடைவுக்குள் உட்கார்ந்திருக்கிறது, அல்லது அதற்குக் கீழே உள்ள வேறொரு டென்ட்ரி இதைத் தன் தாயாகச் சுட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது எத்தனை பைட்டைத் திரும்பப் பெற முடியும்? ஒரு பைட்டும் முடியாது. பக்கம் முழுதாகக் காலியானால்தான் பொதுக் கையிருப்புக்குத் திரும்பும். 192 பைட் பொருள் ஒன்று 4,096 பைட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. கணக்கில் பயன்பாடு ஐந்து விழுக்காட்டுக்கும் கீழ். இப்படி லட்சம் பக்கங்கள் சிதறிக் கிடந்தால் 400 மெகாபைட் அதில் முடங்கும்.

மணலியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எல்.சி.எல். என்பார்கள்: ஒரே கன்டெய்னரில் பத்து இறக்குமதியாளர்களின் சரக்கு கலந்து வரும். சி.எஃப்.எஸ்.ஸுக்குப் பெட்டி வந்ததும் டீஸ்டஃப் செய்துவிடுவார்கள். எல்லாவற்றையும் இறக்கி, ஷெட்டில் அவரவர் பெயர் குறித்து அடுக்கிவிட்டு, காலிப் பெட்டியைக் கப்பல் நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருவர் ஆறு மாதம் வராமல் போனாலும் அவருடைய ஒரு மூட்டைக்காகக் கன்டெய்னர் முழுதும் காத்திருக்காது. கெர்னலால் இதைச் செய்ய முடியவில்லை. காரணம், கெர்னலுக்குள் இருக்கும் பொருளுக்கு அதன் முகவரிதான் அடையாளம். அந்த முகவரியை எத்தனையோ இடங்களில் எத்தனையோ கட்டமைப்புகள் குறித்து வைத்திருக்கின்றன. பொருளை அறை மாற்றி வைத்தால் அத்தனை குறிப்புகளையும் தேடிப்பிடித்து, அதே நொடியில், வேறு எவரும் தொடாதபோது திருத்த வேண்டும். பயனர் நிரலின் பக்கங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நிரல் பார்ப்பது மெய்நிகர் முகவரியை மட்டுமே. நடுவில் உள்ள அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் பக்கம் இடம் மாறிவிடும். ஸ்லாப் பொருள்களையும் நகர்த்த வழி செய்யலாம் என்று லாமீட்டரே பல ஆண்டு முயன்றார். பொதுப் பயன்பாட்டுக்கு அது வந்து சேரவில்லை. என்னைக் கேட்டால், கெர்னல் நினைவக ஆளுகையில் இன்றுவரை தீராத பெரிய குறை இதுதான்.

சரி, எதை வெளியேற்றுவது?

இதற்குச் சரியான விடை 1966ஆம் ஆண்டிலிருந்தே தெரியும். ஐ.பி.எம்.மில் பணியாற்றிய ஹங்கேரியரான லாஸ்லோ பேலாடி எழுதி வைத்திருக்கிறார்: இருப்பவற்றில் எது இனி மிகத் தாமதமாகக் கேட்கப்படுமோ அதை வெளியேற்று. இதைவிடச் சிறந்த முறை இருக்க முடியாது. இதை நடைமுறைப்படுத்தவும் முடியாது. எதிர்காலம் யாருக்கும் தெரியாது. ஆகவே கெர்னல்கள் கடந்த காலத்தைப் பார்க்கின்றன. அண்மையில் தொட்டது மறுபடி தொடப்படும், நெடுநாளாகத் தொடாதது இனியும் தொடப்படாது என்ற ஊகம். பெரும்பாலும் சரியாக வருகிறது. கெட்டுப்போகும் தருணம் ஒன்று உண்டு. அது ஒவ்வொரு இரவும் வருகிறது.

திருவொற்றியூரில் ஒரு சி.எஃப்.எஸ். அலுவலகச் சர்வரை எடுத்துக்கொள்வோம். பகலில் கேட் பாஸ், ட்ரெய்லர் எண், பில் என்று ஒரு குறிப்பிட்ட தரவுத்தளத்தையே எல்லோரும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதன் பக்கங்களெல்லாம் கேஷில் சூடாக இருக்கின்றன. நள்ளிரவில் பேக்கப் ஓடுகிறது. பத்து ஆண்டுகளாக ஸ்கேன் செய்து சேர்த்த பத்து லட்சம் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு டென்ட்ரி, ஒரு ஐநோட். எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஐநோட் ஒன்று நினைவகத்தில் 1 கிலோபைட்டைச் சற்றுத் தாண்டும். இரண்டையும் கூட்டினால் பத்து லட்சம் கோப்புக்கு 1.2 ஜிகாபைட்டுக்குக் குறையாது. கோப்புகளின் உள்ளடக்கம் அதற்கு மேல். இவை எல்லாம் அண்மையில் தொடப்பட்டவை. தரவுத்தளமோ மாலை ஆறு மணிக்குப் பிறகு தொடப்படாதது. கடந்த காலத்தை மட்டும் நம்பினால் பகலுக்கு வேண்டியதை விரட்டிவிட்டு, இனி நாளை நள்ளிரவு வரை யாரும் பார்க்காத கோப்புகளைக் காத்து வைக்க நேரும். காலையில் முதல் ட்ரெய்லர் கேட்டில் வந்து நிற்கும்போது சர்வர் டிஸ்க்கைத் தோண்டிக்கொண்டிருக்கும்.

இதைத் தடுக்க லினக்ஸ் இரண்டு பட்டியல் வைத்தது. புதிதாக வந்த கோப்புப் பக்கம் செயலற்ற பட்டியலில் சேரும். அங்கே இருக்கும்போதே இரண்டாம் முறை தொட்டால்தான் செயல்படு பட்டியலுக்கு ஏற்றம். பேக்கப் ஒவ்வொன்றையும் ஒரே முறை தொட்டுவிட்டுப் போவதால் அதன் பக்கங்கள் செயலற்ற பட்டியலோடு கழிந்துவிடும். டென்ட்ரிகளுக்கும் இதுபோலவே இரண்டாம் வாய்ப்பு உண்டு. 2014இல் ஜொஹானஸ் வைனர் இதில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார். எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் அது. ஒரு பக்கத்தை வெளியேற்றும்போது, அது இருந்த இடத்தில் மிகச் சிறிய அடையாளம் ஒன்றை விட்டுவைக்கிறார்கள்: வெளியேற்றக் கணக்கு எண் எதில் நின்றபோது இது போனது என்ற குறிப்பு. அதே பக்கம் திரும்பக் கேட்கப்பட்டால் இடையில் எத்தனை பக்கங்கள் வெளியேறின என்று கழித்துப் பார்க்கலாம். அந்த எண் சிறியதாக இருந்தால், அவசரப்பட்டு விரட்டிவிட்டோம் என்று பொருள். உடனே அதைச் செயல்படு பட்டியலில் சேர்த்துவிடுகிறது கெர்னல். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1இல், இரண்டு பட்டியலுக்குப் பதிலாகப் பக்கங்களைத் தலைமுறைகளாகப் பிரிக்கும் வேறொரு முறையும் சேர்ந்தது. கூகுளின் யூ ஷாவோ எழுதியது.

எப்போது வெளியேற்றுவது என்பதற்கும் ஒழுங்கு உண்டு. காலி இடத்தின் அளவுக்குக் கெர்னல் மூன்று கோடுகள் போட்டிருக்கிறது. நடுக்கோட்டுக்குக் கீழே போனால் 'கே-ஸ்வாப்-டி' என்ற பின்னணி ஊழியன் விழித்துக்கொள்வான். மேல்கோடு வரை இடம் சேர்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவான். நிரல்களுக்கு இது தெரியவே தெரியாது. வரவு வேகமாகி, அவன் சேர்ப்பதற்குள் அடிக்கோட்டையும் தொட்டுவிட்டால், இடம் கேட்டு வந்த நிரலையே பிடித்து நிறுத்தி, நீயே கொஞ்சம் ஒழித்துக்கொடுத்துவிட்டு எடுத்துக்கொள் என்கிறது கெர்னல். எண்ணூர் சாலையில் வரிசையில் நிற்கும் ட்ரெய்லர் ஓட்டுநரை இறக்கி, யார்டில் ஒரு பெட்டியை நகர்த்திவிட்டு வா என்று சொல்வதற்குச் சமம். கணினி திணறுகிறது என்று நாம் உணரும் பெரும்பாலான தருணங்கள் இவைதான்.

இடம் சேர்க்கும்போது சில்லறைக் கேஷ்களிடம் கெர்னல் இரண்டு கட்டமாகப் பேசுகிறது. முதலில், உன்னிடம் விடக்கூடியது எத்தனை என்று ஒவ்வொன்றையும் கேட்கிறது. விடைகளைப் பார்த்து, நீ இத்தனையைப் பரிசீலி என்று பங்கு பிரிக்கிறது. கேஷ் தன் வரிசையைப் பார்த்து, யாரும் பிடித்திருக்காதவற்றை விடுகிறது. இப்போது முடியாது என்று சொல்லவும் அதற்கு உரிமை உண்டு. பூட்டு வேறொருவர் கையில் இருந்தால் வற்புறுத்துவது முட்டுக்கட்டையில் முடியும். எதை இழக்கலாம் என்று அந்தந்தக் கேஷுக்குத்தான் தெரியும், எவ்வளவு தேவை என்று மையத்துக்குத்தான் தெரியும். இந்தப் பிரிவினையைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

எழுதப்பட்டு இன்னும் டிஸ்க்குக்குப் போகாத பக்கம் இருக்கிறதே, அதுதான் யார்டுச் சரக்குக்கு நெருங்கிய உறவு. நகல் இல்லை, தூக்கிப்போட்டால் போனதுதான். முதலில் டிஸ்க்கில் எழுத வேண்டும். அதற்குக் கெர்னல் தரும் இயல்பான கெடு, வேடிக்கையான ஒற்றுமை, 30 விநாடி.

இவ்வளவு கவனமாகக் கட்டிய அமைப்பை ஒரே வரியில் உடைக்கும் பழக்கம் நம் ஊர் சர்வர்களில் பரவிக்கிடக்கிறது. 'டிராப்_கேஷஸ்' என்ற கோப்பில் 3 என்று எழுதினால், விடக்கூடிய கோப்புப் பக்கம், டென்ட்ரி, ஐநோட் எல்லாவற்றையும் கெர்னல் விட்டுவிடும். 2006இல் லினக்ஸ் 2.6.16இல் இது வந்தது. சோதனை செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் வெறும் கேஷிலிருந்து தொடங்குவதற்குப் பயன்படும் வசதி அது. இதை மணிக்கு ஒருமுறை ஓடும்படி அமைத்துவைத்து, நினைவகம் எப்போதும் காலியாக இருக்கிறது என்று மகிழ்பவர்கள் ஏராளம். அவர்கள் காலி செய்தது அழுக்கை அல்ல. அடுத்த பத்து நிமிடம் ஒவ்வொரு வேண்டுகோளும் டிஸ்க்குக்கு ஓடும். அதே கேஷ் மறுபடி நிரம்பும். மறுபடி மணி அடிக்கும். இந்த வரியை யாருடைய சர்வரில் பார்த்தாலும் நீக்கச் சொல்வேன். உண்மையிலேயே டென்ட்ரிகள் அளவுக்கு மீறிச் சேர்கின்றன என்றால், 'விஎஃப்எஸ்_கேஷ்_பிரஷர்' என்ற திருகு இருக்கிறது. இயல்பு அளவு 100. கூட்டினால் கெர்னல் டென்ட்ரி, ஐநோட்களை இன்னும் தாராளமாக விடும். பூஜ்ஜியமாக வைத்தால் ஒருபோதும் விடாது. கடைசியில் நினைவகம் தீர்ந்து, ஏதாவது ஒரு நிரலைக் கொல்லும் கட்டத்துக்கு வந்து நிற்கும்.

ஆனால் எந்தத் திருகாலும் தீராத ஒரு குப்பை பத்தாண்டுகளுக்கு முன் சேரத் தொடங்கியது. அதைச் சொல்லாமல் இந்த அத்தியாயம் முழுமையாகாது.

2013இல், மென்பொருளைத் தனித்தனிக் கன்டெய்னர்களாக அடைத்து ஓட்டும் டாக்கர் வந்தது. முதுகில் கன்டெய்னர்களை அடுக்கிய திமிங்கலம் அதன் சின்னம். ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான மென்பொருள் கன்டெய்னர்கள் பிறப்பதும் சில நிமிடத்தில் மறைவதும் அதன் பின் வழக்கமாயிற்று. ஒவ்வொன்றும் எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்று கணக்கு வைக்கக் கெர்னலில் நினைவகக் குழு என்ற அமைப்பு 2008 முதலே இருந்தது. சில்லறைப் பொருள்களையும் குழுவாரியாகக் கணக்கிட வேண்டும் என்றபோது, அன்றைக்குத் தோன்றிய நேரான வழியில் போனார்கள்: ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு வகைக் கேஷிலும் தனிப் பிரதி. டென்ட்ரிக்கு ஒன்று, ஐநோட்டுக்கு ஒன்று என்று குழு பயன்படுத்தும் ஒவ்வொரு வகைக்கும்.

விளைவை யார்டுக்காரர் எவரும் முன்கூட்டியே சொல்லியிருப்பார். சின்ன வியாபாரி ஒவ்வொருவருக்கும் முழு ஷெட் ஒதுக்கினால் என்ன ஆகும்? ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு மூலையில் நாலு மூட்டை, மீதி வெட்டவெளி. குழு ஒன்று ஐந்து டென்ட்ரிதான் பயன்படுத்தினாலும் அதற்கென்று முழுப் பக்கம். மிச்சமுள்ள 16 அறைகளை அடுத்த குழு தொடக் கூடாது. ஸ்லாப் நினைவகத்தில் பாதியளவு காற்று.

குழு இறந்த பின்புதான் கொடுமை. மென்பொருள் கன்டெய்னர் முடிந்துவிட்டது, அதன் குழுவையும் நீக்கியாயிற்று. ஆனால் அது திறந்த ஏதோ ஒரு பொதுக் கோப்பின் டென்ட்ரி, அதன் கணக்கில் எழுதப்பட்டது, இன்னும் உயிரோடு இருக்கிறது. வேறு யாரோ அதைப் பயன்படுத்துகிறார்கள். பொருள் கேஷைப் பிடித்திருக்கிறது. கேஷ் குழுவைப் பிடித்திருக்கிறது. குழுவை முழுதாக அழிக்க முடியவில்லை. வாழ்வும் இல்லை, சாவும் இல்லை. பெரிய இயந்திரங்களில் இத்தகைய குழுக்கள் ஆயிரக்கணக்கில் தேங்கின. நினைவகத்தைப் பிடித்து வைப்பதற்குப் பொருள் பெரிதாக இருக்கத் தேவையில்லை. அறுபடாத ஒரே ஒரு சுட்டு போதும். காலிக் கேஷ்களைத் தேடி அழிக்கும் துணை வேலைகளை எழுதிப் பார்த்தார்கள். அவை ஓடும் நேரமே ஒரு சுமையாயிற்று.

அப்போது ஃபேஸ்புக்கில் இருந்த ரோமன் குஷ்சின் வேறு திசையில் யோசித்தார். தனிக் கேஷ் எதற்கு? எல்லாக் குழுவும் ஒரே ஷெட்டைப் பகிர்ந்துகொள்ளட்டும். அறைக்கு அறை, இது யார் கணக்கு என்று ஒரு சிறு குறிப்பை மட்டும் எழுதி வைப்போம். 21 டென்ட்ரி உள்ள ஒரு பக்கத்தில் 21 குழுவின் சரக்கு இருந்தாலும் பிழையில்லை. குழு இறந்தால் அதன் குறிப்புகளெல்லாம் தாய்க் குழுவின் பெயருக்கு மாறும். அதையும் 21 இடத்தில் திருத்த வேண்டாம். குறிப்புகள் அனைத்தும் நடுவில் உள்ள ஒரே அட்டையைச் சுட்டுகின்றன, அந்த அட்டையில் பெயரை மாற்றினால் போதும். 2020 அக்டோபரில் வந்த லினக்ஸ் 5.9இல் இது சேர்ந்தது. குழுவாரிக் கேஷ்களும், அவற்றைப் பிறப்பித்து அழிக்கும் சிக்கலான நிரல்வரிகளும் ஒட்டுமொத்தமாக வெளியேறின. பல இயந்திரங்களில் ஸ்லாப் நினைவகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமானது. பயன்படாத கேஷை எப்படி அழிப்பது என்று பல ஆண்டு மல்லுக்கட்டிய பிறகு, அப்படியொரு கேஷ் உருவாகவே வேண்டாம் என்று முடித்தார்கள். கெர்னல் வரலாற்றில் இவ்வளவு நிறைவளிக்கும் திருத்தங்கள் அதிகம் இல்லை.

இனி உங்கள் இயந்திரத்தில் பார்ப்பதற்கு. 'ஸ்லாப்டாப்' என்று தட்டினால் எந்த வகைப் பொருள் எத்தனை இருக்கிறது, அறைகளில் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று வரிசையாக வரும். பெரும்பாலும் டென்ட்ரியும் ஐநோட்டும்தான் மேலே நிற்கும், அது இயல்பு. இவற்றை விட்டுக்கொடுக்கக் கூடியவை, கூடாதவை என்று 'மெம்இன்ஃபோ' தனித்தனியே கூட்டிச் சொல்லும். இரண்டாவது எண் நாள்தோறும் ஏறிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். எங்கோ ஒரு நிரல்வரி பிடித்ததை விட மறந்திருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட நேர்மையான அளவுகோல் 2018 டிசம்பரில் லினக்ஸ் 4.20இல் வந்தது. வைனரின் கைவண்ணம்தான் இதுவும். நினைவகம் கிடைக்காமல் நிரல்கள் காத்திருந்த நேரம் கடந்த 10 விநாடியில், 60 விநாடியில், 300 விநாடியில் எத்தனை விழுக்காடு என்று 'பிரஷர்' அடைவில் உள்ள ஒரு கோப்பு சொல்கிறது. அந்த மூன்றும் 0.00 என்று நின்றால், 'ஃப்ரீ' கட்டளை காலி இடம் 200 மெகாபைட் என்று காட்டினாலும் உங்கள் சர்வரில் எல்லாம் சரியாகவே நடக்கிறது.